தவக்காலத்துப் பழத்தண்ணீர்

எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம். காலையில் ஒரு டம்ளர் டீ உள்ளே போகாவிட்டால் போதும். பாலைத் திட்டமாகக் காய்ச்சி, தூளைத் தாராளமாகப் போட்டு, இஞ்சி தட்டி, நுரை நிற்க ஆற்றிய டீ. ஒரு நாளைக்கு ஐந்து. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்த காலத்தில் உலை கொதிக்கும்போது ஒன்று, பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஒன்று என்று அங்கேயும் தவறியதில்லை. சமையலம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்தே நான் டீ குடித்துவிட்டேனா இல்லையா என்று தெரிந்துவிடும். குடிக்கவில்லை என்றால் பக்கத்தில் வரமாட்டார்.

அப்படிப்பட்டவள் வருஷத்துக்கு ஒருமுறை, சாம்பல் புதன் பூசை முடிந்து நெற்றிச் சாம்பலோடு வீட்டுக்கு வந்ததும், டீத்தூள் பாக்கெட்டின் வாயை மடித்து ரப்பர் பேண்டு போட்டுப் பரணில் பெரிய அண்டாவுக்குப் பின்னால் தள்ளிவிடுவேன். ஈஸ்டர் வரை அதை எடுப்பதில்லை. ஆவூர்ப் பக்கம் எங்கள் வீடுகளில் தவக்காலத்துக்குக் கறி மீனை விடுவது பொது. அதற்கு மேல் ஆளுக்கு ஒன்றை விடுவார்கள். சிலர் வெற்றிலையை, சிலர் சீரியலை. என் பக்கத்து வீட்டு அம்மா ஒருமுறை ஓரகத்தியோடு சண்டை போடுவதை விட்டார், இரண்டாவது வாரமே முறிந்துபோனது. நான் டீயை விடுவேன், அதை விடுவதுதான் எனக்கு வலிக்கும் என்பதால். முதல் வாரம் தலைவலி மண்டையைப் பிளக்கும். இரண்டாவது வாரம் வாய் நீளும்.

"தவம் ஒனக்கு, தண்டனை எங்களுக்கு" என்பார் என் வீட்டுக்காரர். அவர் விராலிமலைச் சாலைக் கடையில் டீ குடித்துவிட்டு, வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவர் மாதிரி வந்து நிற்பார். வண்டியை நிறுத்தும்போதே எனக்கு வாசனை தெரிந்துவிடும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன், அதுவும் ஒரு தவம்தான்.

போன வருஷத் தவக்காலம் அப்படி விளையாட்டாக வரவில்லை. எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. முதலாவது மூன்றாம் மாதம் போனது. இரண்டாவது நாலாம் மாதம் முடிகிற தறுவாயில். அது ஒரு வலியும் ஒரு அறிகுறியும் காட்டவில்லை. வழக்கமான ஸ்கேனுக்குப் போன இடத்தில் துடிப்பு இல்லை என்றார்கள். மூன்றாவது முறை உண்டானபோது மாப்பிள்ளை லீவு போட்டுத் தைவானிலிருந்து அவளைக் கூட்டிவந்து எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார். அங்கே கம்ப்யூட்டர் சிப் செய்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. நாலாம் மாதம் தாண்டும்வரை படுக்கையிலேயே இருக்க வேண்டும் என்று திருச்சியில் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு முறையும் நான் சும்மா இருக்கவில்லை. முதல் முறை, பிள்ளை பிறக்கும்வரை கறி தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். ஒரு கல்யாணப் பந்தியில் கத்தரிக்காய்க் குழம்பு என்று நினைத்து வாயில் வைத்தது கறிக்குழம்பாக இருந்தது. விழுங்கிய பிறகுதான் தெரிந்தது. பத்து நாளில் பிள்ளை போயிற்று. இரண்டாம் முறை, சனிக்கிழமைதோறும் மாதா கோவிலுக்கு நடந்தே போவது என்று வேண்டிக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை நல்ல மழை, பாதி வழியில் பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அந்த மாதமே அந்தப் பிள்ளையும் இல்லை என்றாகிவிட்டது. இரண்டு முறையும், உடம்பு தேற ஊருக்கு வந்த மகள் உள்ளறையில் தூங்குகிறாள் என்று நினைத்து, அடுப்படியில் உட்கார்ந்து வீட்டுக்காரரிடம் அழுதேன். என்னாலதான், என்னாலதான் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேனோ தெரியாது. சொந்தக்காரர்கள் என் மகளைக் குறை பேசுவதைவிட, குற்றம் என் தலையில் இருக்கட்டுமே என்று எனக்குள் ஒரு ஆறுதலும் இருந்தது.

அதனால் போன வருஷம் சாம்பல் புதனன்று டீத்தூள் பாக்கெட்டை அண்டாவுக்குப் பின்னால் தள்ளியபோது, சும்மா தள்ளவில்லை. ஈஸ்டர் வரை ஒரு சொட்டு தொடமாட்டேன், இந்தப் பிள்ளையை மட்டும் விட்டுவிடு என்று சொல்லித்தான் தள்ளினேன். சத்தமாகவே சொன்னேன். மகள் உள்ளறைக் கட்டிலில் படுத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் என்னைக் கூப்பிட்டாள். அப்போது அவளுக்கு மசக்கை உச்சத்தில் இருந்தது. பால் காய்கிற வாசனை வந்தாலே குமட்டும். தாளிதம் ஆகாது, சோறு வடிக்கிற ஆவி ஆகாது. பெட்டியில் தைவானிலிருந்து கொண்டுவந்த டப்பா ஒன்று இருக்கிறது, அதிலிருந்து கொஞ்சம் சுடுதண்ணீரில் போட்டுக் கொண்டுவா என்றாள். வெளிர் ரோஜா நிறத் தகர டப்பா. மேலே கன்னம் சிவந்த ஒரு பழத்தின் படம், சுற்றிலும் சீன எழுத்து. பின்பக்கம் ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த இடம் பசையோடு பிசுபிசுத்தது. மாப்பிள்ளை விலை தெரியக் கூடாதென்று கிழித்திருப்பார், கௌரவமானவர் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே மிளகைவிடப் பெரிதாகக் கரும்பச்சை உருண்டைகள்.

என்ன இது என்று கேட்டேன்.

"பீச்சுன்னு ஒரு பழம்மா. அந்தப் பழ வாசனை ஏத்தி எலையக் காயவச்சிருக்காங்க. பழத்தண்ணி மாதிரி. நீயும் குடிக்கலாம், டீ இல்ல" என்றாள்.

இதெல்லாம் நீ குடிக்கலாமா என்று கேட்டதற்கு, டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன், ஒரு சின்ன டம்ளர் வரை பரவாயில்லை என்றார் என்றாள். பழத்தண்ணீருக்கு எதற்கு டாக்டரைக் கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. துளசித் தண்ணீர், கொய்யா இலைத் தண்ணீர் மாதிரி இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் சொன்னபடி தண்ணீர் கொதித்ததும் இறக்கி, கொஞ்சம் தணியவிட்டு, மூடிபோட்ட சொம்பில் ஒரு தேக்கரண்டி உருண்டையைப் போட்டு ஊற்றினேன். மூடியைத் திறந்தபோது வந்த வாசனையை இன்றைக்கும் மூக்கில் வைத்திருக்கிறேன். பீச் பழத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வைக்கோலில் பழுக்கப் போட்ட மாம்பழத்தை முதல் முதலாக எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்தால் வருமே, அதில் புளிப்பைக் கழித்தால் மிஞ்சுகிற வாசனை. மகள் டம்ளரை இரண்டு கையிலும் பிடித்து மூக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். இரண்டு வாய் குடித்தாள். குமட்டவில்லை. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சுளிப்பு இல்லாமல் பார்த்தேன். மீதியை என்னிடம் நீட்டினாள்.

பால் இல்லை, சர்க்கரை இல்லை. முதல் வாய் எனக்கு வெந்நீர்போலத்தான் இருந்தது. இதை எப்படிக் குடிக்கிறார்கள் என்று கேட்க வாயைத் திறந்தேன், அதற்குள் தொண்டையிலிருந்து ஒரு இனிப்பு ஏறி வந்தது. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருகிற இனிப்பு. குடிக்கும்போது இல்லாமல் குடித்த பிறகு வருகிறது. கேட்க வந்ததை விட்டுவிட்டு இன்னொரு வாய் குடித்தேன்.

டம்ளர் காலியானதும், அந்த இலையிலேயே மறுபடி தண்ணீர் ஊற்று, இரண்டாவதுதான் நன்றாக இருக்கும் என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சக்கையில் தண்ணீர் ஊற்றி டீ கொடுக்கிற வீட்டை எங்கள் பக்கம் என்ன பேசுவார்கள் என்று இவளுக்குத் தெரியாதா? ஆனாலும் ஊற்றினேன். அவள் சொன்னதுதான் சரி. இரண்டாவது தண்ணீர் தேன் நிறத்தில் இறங்கியது, பழ வாசனை பின்வாங்கி ஏதோ ஒரு பூ வாசனை முன்னால் வந்தது. மூன்றாவது முறையும் ஊற்றினேன், அப்போதும் சாரம் இருந்தது. மூன்று தண்ணீர் தாங்குகிறது என்றால் இது சத்தியமாக டீ இல்லை என்று எனக்குள் உறுதியாகிவிட்டது.

அதன் பிறகு காலையில் ஒரு தடவை, பின்னேரம் நாலு மணிக்கு ஒரு தடவை என்று வழக்கமாயிற்று. அவளுக்கு இரண்டு வாய், மீதி எனக்கு. பெட்டியில் இன்னொரு டப்பாவும் இருந்தது, லிச்சிப் பழம். அதுவும் அதேபோல ஸ்டிக்கர் சுரண்டியது. அதன் வாசனை பன்னீரில் நுங்கைப் போட்டதுபோல இருந்தது. வாரத்தில் ஒரு நாள் அது, மற்ற நாளெல்லாம் பீச். குடித்துக்கொண்டே எதையாவது பேசுவோம். தைவானில் பஸ்ஸில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள் என்று சொல்லுவாள், நான் அங்கே வந்தால் ஒரு வாரத்தில் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்பாள். பிள்ளையைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. அந்த அரைமணி நேரம் மட்டும் அவள் நோயாளியும் இல்லை, நான் காவல்காரியும் இல்லை. வீட்டுக்காரரும் ஒருநாள் வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரையாவது போடக் கூடாதா என்று முகத்தைச் சுளித்தார். மூன்றாம் நாள் டம்ளரோடு தானே வந்து நின்றார்.

இதில் பெரிய அதிசயம், அந்த வருஷம் எனக்குத் தலைவலியே வரவில்லை. வாயும் நீளவில்லை. வீட்டுக்காரரே ஆச்சரியப்பட்டார். ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து பெண்கள் எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, இந்த முறை டீ இல்லாமல் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, வேண்டுதலை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு இதுவே சாட்சி என்று நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

புனித வாரம் செவ்வாய்க்கிழமை. பெரிய வெள்ளியன்று கோவிலில் கஞ்சி காய்ச்ச எங்கள் அண்டாவைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள். காலையில் குடித்த இலைச் சக்கையைக் கறிவேப்பிலை மரத்தடியில் கொட்டலாம் என்று ஒரு வெள்ளைத் தட்டில் எடுத்து வைத்திருந்தேன். அண்டாவை இறக்கியபோது பின்னாலிருந்த டீத்தூள் பாக்கெட் நழுவி அந்தத் தட்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

பாக்கெட்டில் ஒரு படம் இருக்கும். ஒரு காம்பு, இரண்டு இலை, நடுவில் ஒரு கொழுந்து. முப்பது வருஷமாக ஒரு நாளைக்கு ஐந்து தடவை பார்க்கிற படம். தட்டில் அந்த உருண்டைகள் ஊறி, சுருள் பிரிந்து, முழு முழு இலையாக விரிந்து கிடந்தன. ஒன்றை விரலால் நீவிப் பார்த்தேன். ஒரு காம்பு, இரண்டு இலை, நடுவில் ஒரு கொழுந்து. விளிம்பில் அதே ரம்பப் பல்.

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. சாம்பல் புதன் அன்றைக்கே ஆரம்பித்து, ஒரு நாள் தவறாமல், ரசித்து ரசித்துக் குடித்திருக்கிறேன். அதற்கு மேல் கோவில் வாசலில் சாட்சி வேறு சொல்லியிருக்கிறேன். மறுநாள் புதன்கிழமை திருச்சியில் ஸ்கேன். நாலாம் மாதம் முடிகிற வாரம். போன முறை துடிப்பு நின்றுபோன அதே வாரம்.

அன்று நாலு மணிக்கு நான் தண்ணீர் வைக்கவில்லை. தலைவலிக்கிறது என்றேன். மகள் என் முகத்தையே பார்த்தாள். மறுநாள் வாடகைக் காரில் திருச்சி போகிற வழியெல்லாம் ஜெபமாலை என் கையில் இருந்தது, ஒரு மணியைக் கூடத் தள்ள முடியவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன்? வீட்டுக்காரர் முன்சீட்டில் டிரைவரோடு மழை இல்லாததைப் பேசிக்கொண்டு வந்தார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள். எங்களுக்கு முன்னால் மூன்று பேர். வீட்டுக்காரர் பணம் கட்டப் போயிருந்தார். உள்ளே போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. எதுவாக இருந்தாலும் அவள் என்னிடமிருந்து தெரிந்துகொள்ளட்டும்.

"ஆத்தா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்தப் பழத்தண்ணி டீதான். எலையப் பாத்துட்டேன். ஒனக்கும் தெரிஞ்சிருக்காது" என்றேன்.

அவள் அதிரவில்லை. "எனக்குத் தெரியும்மா" என்றாள். "ஊலாங்குன்னு சொல்லுவாங்க. டீச்செடிதான். ஸ்டிக்கர்ல இங்கிலீஷ்ல போட்டிருந்துச்சு. நீ அண்டாவுக்குப் பின்னாடி பாக்கெட்டத் தள்ளுன அன்னைக்கே நாந்தான் நகத்தால சொரண்டி எடுத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு, அது ஆஸ்பத்திரியாக இல்லாவிட்டால் அவளை என்ன சொல்லியிருப்பேனோ. பெற்ற தாயை ஏமாற்றி, அதுவும் தவக்காலத்தில், அதுவும் அவள் பிள்ளைக்காக வைத்த நேர்த்தியை. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. அவளுக்கும் பயம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"போன ரெண்டு தடவையும் நீ அடுப்படியில அப்பாகிட்ட அழுதது எனக்குக் கேட்டுச்சும்மா. கறி தின்னதால போச்சு, பஸ்ஸுல ஏறுனதால போச்சுன்னு. எம் பிள்ள போனதுக்கும் அழுது, ஒனக்காகவும் அழுது, என்னால முடியல." ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தாள். "இப்ப உள்ள என்ன சொல்லப் போறாங்கன்னு தெரியாது. நல்லதோ கெட்டதோ, அது ஒன்னால இல்ல. அதுக்குத்தான் மொத நாளே ஒன் நேர்த்திய ஒடச்சு வச்சேன். நீ குடிச்ச அத்தன நாளும் எனக்கு நல்லாத்தான இருந்துச்சு."

இரண்டு வருஷமாகக் குற்றத்தை நான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு என் மகள் என்னையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையை என் முந்தானைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தேன். நர்ஸ் அவளைக் கூப்பிட்டு, கூட ஒருவர் வரலாம் என்றார்.

உள்ளே இருட்டு. டாக்டரம்மா திரையைப் பார்த்தபடி கருவியை நகர்த்தினார். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்னையறியாமல் வழக்கம்போல நாக்கு எதையாவது விட்டுத்தருகிறேன் என்று சொல்லத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் டாக்டரம்மா ஒரு பொத்தானை அழுத்தினார். ரைஸ்மில்லில் பெல்ட் ஓடுவதுபோலத் தடதடவென்று ஒரு சத்தம் அறை முழுக்க நிறைந்தது. நன்றாக இருக்கிறது என்றார். மகள் அழுதாள், நான் அழுதேன். நன்றி ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன். பதிலுக்கு எதையும் தருவதாகச் சொல்லாமல் நான் நன்றி சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நாலு மணி தாண்டிவிட்டது. கேட்காமலேயே தண்ணீர் வைத்தேன். சொம்பை மூடாமல், உருண்டை ஒவ்வொன்றாகப் பிரிந்து இலையாவதை நின்று பார்த்தேன். அது என்னவென்று தெரிந்தே குடித்தேன், மூன்று தண்ணீரும். அன்றைக்குத்தான் அதன் ருசி முழுசாக எனக்குப் பிடிபட்டது. பால் டீயை மட்டும் ஈஸ்டர் வரை தொடவில்லை. அதையும் குடித்துவிட்டால் வீட்டுக்காரரின் கேலியைத் தாங்க முடியாது. பெரிய வெள்ளியன்று கஞ்சிக்கு வரிசையில் நின்றபோது கோவில் பெண்களிடம் என் சாட்சியையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். சிலுவை போட்டுக்கொண்ட இரண்டு பேரும் அந்தத் தூள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

பேத்தி பிறந்தாள். இப்போது அவளுக்கு ஐந்து மாதம். அடுத்த மாதம் அம்மாவும் மகளும் தைவான் போகிறார்கள். பீச் டப்பா காலியாகி, அதில் பிள்ளையின் ஊக்குகளும் வசம்பும் கிடக்கின்றன. சுரண்டிய இடத்துப் பசை காய்ந்துவிட்டது, நகக் கீறல் மட்டும் அப்படியே இருக்கிறது. வேண்டுமென்றே அதைத் துடைக்காமல் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை புதிதாக இரண்டு டப்பா அனுப்பினார், ஸ்டிக்கரோடு.

இந்த வருஷம் சாம்பல் புதன் அன்று, டீத்தூளை எடுத்துப் பரணில் வைக்கட்டுமா என்று வீட்டுக்காரர் கேலியாகக் கேட்டார். வேண்டாம், வேறு ஒன்றை விட்டிருக்கிறேன் என்றேன். என்னவென்று அவரிடம் சொல்லவில்லை. போன வாரம் பேத்திக்குத் தடுப்பூசி போட்ட மறுநாள் காய்ச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது, வீறிட்டு அழுதாள். முதல் நாள் குளிப்பாட்டியது நான். தொட்டில் பக்கத்தில் நின்றபோது, என்னாலதான் என்கிற அந்தப் பழைய வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள், நான் சொல்லப்போவது தெரிந்தவள்போல.

"தண்ணி வைக்கவா?" என்று கேட்டேன்.

"வைம்மா" என்றாள்.